சென்சார் இல்லாமல் ஒரு குச்சியைத் தலைகீழாக நிறுத்துவது எப்படி (அப்படியே ஒரு அயனியையும்)

ஒட்டடைக்கோலை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்து விளையாடாத வீடு இருக்காது. இரண்டு மீட்டர் கோல் என்றால் கொஞ்சம் பழகியதும் நிற்கும், கையை அங்கேயும் இங்கேயும் நகர்த்திச் சமாளித்துவிடலாம். அதே கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். விட்டதும் விழும், எத்தனை நாள் பழகினாலும் விழும். காரணம் கைத்திறமை இல்லை, நேரம். எந்தக் குச்சிக்கும் தனக்கென்று ஒரு விழும் நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்குள் அதன் சாய்வு கிட்டத்தட்ட 2.7 மடங்காகிவிடும். இரண்டு மீட்டர் கோலுக்கு அது சுமார் 0.37 வினாடி, 18 செ.மீ. பென்சிலுக்கு 0.11 வினாடி. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை நகர்வதற்கு 0.2 வினாடி ஆகிறது. கோலுக்கு நேரம் போதும், பென்சிலுக்குப் போதாது, அவ்வளவுதான்.

பார்ப்பது, தவறைக் கணக்கிடுவது, திருத்துவது என்ற இந்தச் சுற்றுக்குப் பின்னூட்டம் என்று பெயர். ட்ரோன், இரண்டு சக்கரத்தில் நிற்கும் செக்வே வண்டி, வீட்டு ஏசி எல்லாமே இதில்தான் ஓடுகின்றன. கட்டுப்பாட்டியல் என்று தேடினால் வருவதில் முக்கால்வாசியும் இதுதான். இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பற்றி ஆட்கள் குறைவாகவே பேசுகிறார்கள்: பார்க்கவே வேண்டாம், குச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவே வேண்டாம், அடியைச் சரியான வேகத்தில் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், குச்சி தானாக நிமிர்ந்து நிற்கும். 1908-இல் ஆண்ட்ரூ ஸ்டீஃபன்சன் இதைக் கணக்கில் காட்டினார். 1951-இல் ரஷ்யாவின் பீட்டர் கபிட்சா ஏன் நிற்கிறது என்று தெளிவாக விளக்கினார், அதனால் இதற்குக் கபிட்சா ஊசல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குவாண்டம் கணினிக்காக ஒற்றை அயனியை, அதாவது மின்னூட்டம் ஏறிய ஒரே ஒரு அணுவை, வெற்றிடத்தில் பிடித்து வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே தந்திரம்தான். இங்கே சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை, சமன்பாடே ஒன்று. அதனால் முதலில் குச்சியை நிறுத்துவோம், அயனிக்கு அப்புறம் வருவோம்.

என்னென்ன வேண்டும்

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் உள்ள ஒரு ஜிக்சா மெஷின், அதாவது மேலும் கீழும் ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் கை மெஷின். கார்பென்டர் வைத்திருப்பார், ஒரு நாள் கடன் கேட்டால் தருவார், எதற்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு மர ஸ்கேல். மூன்று மி.மீ. துளையும் பத்து மி.மீ. வெளி விட்டமும் உள்ள 623 பேரிங் ஒன்று, 3 மி.மீ. போல்ட், சின்ன வாஷர்கள், நைலான் வளையம் வைத்த நட்டு. பெஞ்ச் வைஸ் ஒன்று கட்டாயம். கண்ணாடி, அதாவது பாதுகாப்புக் கண்ணாடி, அதைவிடக் கட்டாயம்.

பிளேடுதான் கொஞ்சம் வேலை வைக்கும். மரம் அறுக்கும் பழைய பிளேடாக எடுங்கள், உலோகம் அறுக்கும் பிளேடு வேண்டாம், அந்த எஃகு சூடுபடுத்தி ஆறவிட்டாலும் இளகாது. மர பிளேடின் நுனியைக் குறடால் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, மணலுக்குள் செருகி மெதுவாக ஆறவிடுங்கள். இப்போது எஃகு இளகியிருக்கும், 3 மி.மீ. துளை சுலபமாக விழும். காய்ச்சாமல் போட முயன்றால் ட்ரில் பிட்டுதான் மழுங்கும். அப்புறம் பற்களை அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள், பிளேடு மெஷினின் அடித்தகட்டிலிருந்து 3 செ.மீ. அளவுக்கு மட்டும் வெளியே நிற்கும்படி வெட்டிக் குறையுங்கள். நீளமாக விட்டால் பக்கவாட்டில் வளைந்து ஆடும், குச்சி நிற்பதற்குப் பதில் பேயாட்டம் போடும்.

மர ஸ்கேலை 21 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையிலிருந்து 1 செ.மீ. தள்ளி 10 மி.மீ. துளை போட்டு பேரிங்கை அழுத்திச் செருகுங்கள். துளை லூசாக இருந்தால் பசை வைக்கத் தோன்றும். இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். நீர் மாதிரி ஓடும் உடனடிப் பசையை ஒரு சொட்டு விட்டேன், அது பேரிங்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. எனக்குத் தெரியாது. மெஷினை ஓட்டினேன், குச்சி கம்பீரமாக நின்றது, சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சுவிட்சை அணைத்தேன். அப்போதும் நின்றது. பேரிங் இறுகிப்போய், குச்சி ஆணியடித்த மாதிரி நின்றிருக்கிறது. ஆகவே துளை லூசு என்றால் பேரிங்கைச் சுற்றி ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்டி அழுத்துங்கள், பசை வேண்டாம். ஓட்டும் முன்னால் ஒருமுறை, மெஷின் அணைந்திருக்கும்போது குச்சியை நிமிர்த்தி விடுங்கள். தயங்காமல் விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் பார்க்கப்போவது இயற்பியல் இல்லை, துரு.

மாட்டும்போது பிளேடு, சின்ன வாஷர், பேரிங், சின்ன வாஷர், நட்டு என்ற வரிசை. வாஷர் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும், பெரிய வாஷர் போட்டால் வெளிவளையத்தில் உரசும். நைலான் நட்டு ஏன் என்றால், மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது அந்த போல்ட் புவியீர்ப்பைப் போல 90 மடங்கு முடுக்கத்தில் குலுங்குகிறது. சாதாரண நட்டு அரை நிமிடத்தில் கழன்று பறக்கும்.

மாட்டுவதற்கு முன் ஒரு அளவு

ஸ்கேலை மெஷினில் மாட்டுவதற்கு முன், போல்ட்டை விரலால் பிடித்துக்கொண்டு சாதாரண ஊசலாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். 10 முறை போய்வர எவ்வளவு நேரம் என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுங்கள். என் ஸ்கேலுக்கு 7.35 வினாடி, ஒரு ஆட்டத்துக்கு 0.735. இந்த எண்ணை அதனாலேயே பெருக்கி 24.8-ஆல் பெருக்கினால் செ.மீ. கணக்கில் ஒரு நீளம் வரும்: 13.4 செ.மீ. வரை. இதுதான் குச்சியின் செயல் நீளம். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் எந்த நீளத்தில் இதே மாதிரி ஆடுமோ அந்த நீளம். ஸ்கேலின் எடை, மரம் எந்த மரம், பேரிங் எத்தனை கிராம், எதுவும் தேவையில்லை. பேரிங் சுழல் புள்ளியிலேயே உட்கார்ந்திருப்பதால் அதன் எடை கணக்குக்குள் வருவதே இல்லை.

அடுத்து ஜிக்சாவின் ஓட்டம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைக் கையால் உருட்டியோ பிளேடை நகர்த்தியோ மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே எத்தனை மி.மீ. என்று பாருங்கள். 18 முதல் 26 வரை பல அளவுகளில் மெஷின்கள் இருக்கின்றன. என்னுடையது 18, அதில் பாதி 9 மி.மீ.தான் வீச்சு.

இப்போது நிபந்தனை. இதைச் சமன்பாடாகப் பார்த்தால் மறந்துவிடும், இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: செயல் நீளம் எவ்வளவோ அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால் தரையைத் தொடும்போது அதற்கு ஒரு வேகம் இருக்குமே, பிளேடின் உச்ச வேகம் அதைத் தாண்ட வேண்டும். 13.4 செ.மீ. உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு வினாடிக்கு 1.62 மீட்டர். 9 மி.மீ. வீச்சில் பிளேடு அந்த வேகத்தைத் தொட வேண்டுமானால் வினாடிக்குச் சுமார் 28.7 முறை, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1720 முறை ஏறி இறங்க வேண்டும். ஜிக்சா 3000 வரை போகும். அதனால் தாராளமாகப் போதும். தையல் மெஷினில் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். ஊசிக்கு ஓட்டம் பெரியது, ஆனால் வீட்டு மெஷின் அவ்வளவு வேகம் போகாது, குச்சியைக் குட்டையாக்கினால் முயலலாம்.

நிறுத்துவது

ஜிக்சாவைக் கவிழ்த்து, பிளேடு வானத்தைப் பார்க்க, மரக்கட்டை அணைத்து வைஸில் இறுக்குங்கள். பிளேடை முன்னும் பின்னும் வீசவைக்கும் ஒரு குமிழ் பக்கவாட்டில் இருக்கும், 0 முதல் 3 வரை எண் போட்டிருப்பார்கள், அது 0-வில் இருக்க வேண்டும். நான் முதல் நாள் இதைக் கவனிக்காமல் 2-இல் விட்டுவிட்டேன். குச்சி நின்றது, ஆனால் நேராக இல்லாமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது, ஒரு மணி நேரம் பேரிங்கைச் சந்தேகப்பட்டேன். அடித்தகட்டின் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள், குச்சி விழுந்து அடிப்பது அங்கேதான்.

மெஷினின் சுவிட்சைப் பூட்டிவிட்டு, பிளக் போர்டு சுவிட்சில் ஆன் ஆஃப் செய்யுங்கள், கை குச்சிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. முகத்தைக் குச்சி சுழலும் தளத்துக்கு நேராக வைக்காதீர்கள். பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் செய்யாதீர்கள் என்றும் சொல்வேன்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த லைட் வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது, மெஷினும் 50-ஐ நெருங்கினால் ஓடுகிற பிளேடு ஓடாத மாதிரி மங்கலாகத் தெரியும். லேத் பட்டறைக்காரர்களைக் கேட்டால் இதனால் விரல் போன கதை சொல்வார்கள்.

வேகத்தைக் குறைவாக வைத்து ஓட்டுங்கள், ஒரு நீளக் குச்சியால் ஸ்கேலை நிமிர்த்திவிட்டு எடுங்கள். விழும். கொஞ்சம் கூட்டுங்கள். விழும், ஆனால் சோம்பலாக விழும். இன்னும் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் நிமிர்த்திவிட்டு எடுத்தால் அது போக மாட்டேன் என்று நிற்கும். தட்டிவிட்டால் மெதுவாகச் சாய்ந்து, யோசித்து, திரும்பி வரும். முதல்முறை பார்க்கும்போது நிஜமாகவே மயிர்க்கூச்செறியும், ஏனென்றால் மெஷின் போடுவது ஒரு கர்ண கொடூரச் சத்தம், அதன் உச்சியில் குச்சியோ ஊஞ்சலில் தூங்கும் குழந்தை மாதிரி அசைகிறது.

வேகத்தை அளக்க போனின் ஸ்லோமோஷனே போதும். வினாடிக்கு 240 ஃபிரேமில் எடுத்து, 240 ஃபிரேமுக்குள் பிளேடு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் அதுதான் ஹெர்ட்ஸ். முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் (நிமிடத்துக்கு 3000 முறை) என் ஸ்கேல் எவ்வளவு மெதுவாக ஆட வேண்டும் என்று கணக்குப் போட்டால் வினாடிக்கு 1.95 முறை வருகிறது. எவ்வளவு சாய்த்தாலும் எழும் என்றும் இல்லை: 3000-இல் 70 டிகிரி வரை சாய்த்தாலும் எழும், 2000-இல் 42 டிகிரிதான் எல்லை, அதைத் தாண்டினால் ஸ்பாஞ்சுதான்.

ஏன் எழுகிறது? ஒரு ஆட்டத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். குச்சி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அடி கீழே போய் மேலே வரும் ஒவ்வொரு முறையும் சாய்வு துளி குறைந்து துளி கூடுகிறது. அடி மேல் எல்லையில் இருக்கும்போது சாய்வு கொஞ்சம் அதிகம், அந்த நேரத்தில் அடியின் முடுக்கம் கீழ்நோக்கி, அதாவது குச்சியை நிமிர்த்தும் பக்கம். அடி கீழ் எல்லையில் இருக்கும்போது முடுக்கம் மேல்நோக்கி, குச்சியைக் கவிழ்க்கும் பக்கம், ஆனால் அப்போது சாய்வு கொஞ்சம் குறைவு. சாய்வு அதிகமாக இருக்கும்போது பிடித்து இழுத்தால் அந்த இழுவைக்குப் பலம் அதிகம். இரண்டும் சமமாகக் கழிந்துவிடும் என்று நினைத்தோம், கழியவில்லை, நிமிர்த்தும் பக்கம் ஒரு மிச்சம் தங்குகிறது. அந்த மிச்சம் வினாடிக்கு ஐம்பது முறை சேர்கிறது. குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் மிச்சம் அதற்கு எதிர்ப்பக்கம்தான் வரும், அதனால்தான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மெஷின் இல்லாதவர்களுக்கு

எக்செல் போதும். ஐந்து பத்திகள்: நேரம், அடியின் முடுக்கம், கோண முடுக்கம், கோண வேகம், கோணம். ஒவ்வொரு வரிக்கும் நேரம் 0.0004 வினாடி கூடட்டும், அப்படியானால் ஒரு ஆட்டத்துக்கு 50 வரி, இரண்டு வினாடிக்கு 5000 வரி, கீழே இழுத்துவிட்டால் ஆயிற்று. கோண அதிர்வெண் என்பது ஹெர்ட்ஸை 6.28-ஆல் பெருக்கியது, நீளங்களை மீட்டரில் போடுங்கள். அடியின் முடுக்கம் என்பது வீச்சு × கோண அதிர்வெண்ணின் வர்க்கம் × கொசைன் (கோண அதிர்வெண் × நேரம்), முன்னால் ஒரு கழித்தல் குறி. கோண முடுக்கம் என்பது 9.8-உடன் அதைக் கூட்டி, செயல் நீளத்தால் வகுத்து, கோணத்தின் சைனால் பெருக்கியது. கோணத்தை நிமிர்ந்த நிலையிலிருந்து ரேடியனில் அளக்க வேண்டும், தொடக்கத்தில் 0.2 வையுங்கள்.

தவறு நடப்பது கடைசி இரண்டு பத்திகளில்தான். முதலில் கோண வேகத்தைப் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய வேகத்தை வைத்துக் கோணத்தைப் புதுப்பிக்க வேண்டும். பழைய வேகத்தை வைத்தால் ஒவ்வொரு வரியிலும் எங்கிருந்தோ ஆற்றல் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், நிற்க வேண்டிய குச்சி வரைபடத்தில் ஆடி ஆடிப் பெரிதாகி விழும், நீங்கள் கபிட்சாவைத் திட்டுவீர்கள். ஒரு வரி மேலே கீழே மாறியதால் வரும் வினை.

வரைபடம் சரியாக வந்தால் கோணக் கோடு ஒரு பெரிய மெதுவான அலையாகவும், அந்த அலையின் மேல் மெல்லிய நடுக்கமாகவும் தெரியும். நடுக்கம் அலையின் உச்சியில் பெரிதாகவும், கோணம் சுழியைத் தாண்டும் இடத்தில் காணாமலும் போகும். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அயனியில் இதே படம் திரும்ப வரும். பிறகு செயல் நீளத்தைக் குறைத்துக்கொண்டே போய்ப் பாருங்கள். 9 மி.மீ. வீச்சுக்கு 2 செ.மீ. வரை நிற்கும், அதற்கும் கீழே போனால் பிய்த்துக்கொண்டு போய்விடும். வீச்சு நீளத்தில் 0.45 பங்கைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. அதிகமாக ஆட்டினாலும் நிற்காது, இது பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது அயனி

மின்சாரம் ஏற்றிய ஒரு அணுவை வெற்றிடத்தில், எதையும் தொடாமல், ஒரே இடத்தில் பிடித்து வைக்க வேண்டும். நான்கு பக்கமும் மின்தகடு வைத்து உள்ளே தள்ளினால் போதாதா? போதாது. நிலையான மின்புலத்தை எப்படி வளைத்தாலும், ஒரு திசையில் உள்ளே தள்ளினால் இன்னொரு திசையில் வெளியே தள்ளும் என்று 1842-லேயே எர்ன்ஷா காட்டிவிட்டார். குதிரைச் சேணத்தின் நடுவில் கோலிக்குண்டை வைத்த மாதிரி. நிமிர்ந்த குச்சியும் அதே நிலைமைதான், விழத் துடிக்கும் ஒரு புள்ளி.

பான் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்காங் பால் 1950-களில் செய்தது, மின்னழுத்தத்தை மாறிமாறி ஆட்டியது. ஒரு கணம் இந்தத் திசையில் உள்ளே, அடுத்த கணம் அந்தத் திசையில் உள்ளே. அயனி எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மையத்திலிருந்து விலகிப் போகப்போக ஆட்டத்தின் பலம் அதிகம், அதனால் ஒரு மிச்சம் மையத்தை நோக்கித் தங்குகிறது, நம் ஸ்கேலுக்குத் தங்கியதுபோல. 1989-இல் பாலுக்கும் ஹான்ஸ் டெமெல்ட்டுக்கும் இயற்பியல் நோபலில் ஒரு பாதி கிடைத்தது.

எண்ணாகவே ஒப்பிடலாம். இந்த வகைச் சமன்பாட்டுக்கு மாத்தியூ சமன்பாடு என்று பெயர், அதில் ஆட்டத்தின் பலத்தைச் சொல்லும் ஒரு எண் இருக்கிறது. குச்சிக்கு அது வீச்சை இரண்டால் பெருக்கிச் செயல் நீளத்தால் வகுத்தது: 18 மி.மீ. ÷ 134 மி.மீ., 0.134. ஈர்ப்பை மறந்துவிட்டால் இந்த எண் 0.908-க்குக் கீழே இருக்கும்வரை நிற்கும். மேலே சொன்ன 0.45 பங்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும், 0.908-இல் பாதி. பால் செய்தது மாதிரி அயனியைப் பிடித்து வைக்கும் கருவிக்கு அயனிப்பொறி என்று பெயர், அயனிப்பொறிக்காரர்களிடம் போய் 0.908 என்று சொல்லுங்கள், உடனே தலையாட்டுவார்கள், அவர்களுக்கும் அதே எல்லைதான்.

நான்கு தண்டுகள் நீளவாக்கில் நிற்கும் பொறி, எதிரெதிர் இரண்டு தண்டில் ஆடும் மின்னழுத்தம், மற்ற இரண்டு எர்த்தில் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த எண் 2 × மின்னூட்டம் × மின்னழுத்த வீச்சு, வகுத்தல் நிறை × மையத்திலிருந்து தண்டுக்குள்ள தூரத்தின் வர்க்கம் × கோண அதிர்வெண்ணின் வர்க்கம். கால்சியம்-40 அயனி, தூரம் அரை மி.மீ., 20 மெகாஹெர்ட்ஸ், 200 வோல்ட் என்று போட்டுப் பார்த்தேன்: 0.24 வருகிறது. நம் மர ஸ்கேலுக்கு 0.134. பக்கத்து வீட்டுக்காரர்கள்! மெதுவான ஆட்டம் எவ்வளவு என்று அறிய இந்த எண்ணை ஆட்டும் அதிர்வெண்ணால் பெருக்கி 2.83-ஆல் வகுத்தால் போதும், அயனிக்கு 1.73 மெகாஹெர்ட்ஸ், ஸ்கேலுக்கு 2.37 ஹெர்ட்ஸ்.

ஸ்கேலுக்கு முன்னால் 1.95 என்றேனே என்று கேட்பீர்கள். அதில் ஈர்ப்பு கழிந்திருந்தது. ஈர்ப்பை நீக்கிப் பார்க்க வழி இருக்கிறது: மெஷினைப் படுக்கவைத்து, போல்ட் செங்குத்தாக இருக்கும்படி வைஸில் பிடியுங்கள். ஸ்கேல் இப்போது மேசைக்கு இணையாகச் சுழலும், ஈர்ப்புக்கு அதில் வேலையில்லை. ஓட்டினால் ஸ்கேல் பிளேடு ஆடும் திசைக்கு நேராக வந்து நின்று, தட்டினால் 2.37-ஐ ஒட்டி ஆடும்.

அப்புறம் மெஷினை உருட்டி, பிளேடு படுத்தே இருக்க, போல்ட்டைத் தரைக்கு இணையாக்குங்கள். இப்போது ஈர்ப்பு ஸ்கேலைப் பக்கவாட்டில் இழுக்கிறது, அது நேர்கோட்டில் நிற்காமல் 19 டிகிரி கீழே தொங்கி நிற்கும். கிட்டப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு, அதன் ஓரத்தைப் பாருங்கள்: கூர்மையாக இருந்த விளிம்பு கலங்கியிருக்கும். ஸ்கேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்றேகால் டிகிரி இப்படியும் அப்படியும் நடுங்குகிறது, நடுங்கிக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. கோட்டிலிருந்து விலகியிருப்பதற்கு அது கொடுக்கும் விலை. இன்னொன்றும் தெரியும்: நுனியும் கலங்கியிருக்கும், அடியும் கலங்கியிருக்கும், நடுவில் போல்ட்டிலிருந்து 13.4 செ.மீ. தூரத்தில் மட்டும் விளிம்பு தெளிவாக இருக்கும். ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்தோமே, அதே செயல் நீளம் கண்ணுக்கு எதிரே வந்து நிற்கிறது. இதை எதிர்பார்க்காமல்தான் பார்த்தேன், அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

அயனி ஆய்வகங்களில் இந்த நடுக்கம் நிஜமான தலைவலி. எங்கோ கண்ணாடியில் ஒட்டிய மின்னூட்டம் அயனியை மையத்திலிருந்து லேசாகத் தள்ளிவிடும், தள்ளிய இடத்தில் அது மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் நடுங்கும், லேசரால் அதைக் குளிர்விப்பது, அதாவது அதன் அசைவை அடக்குவது, சரியாக நடக்காது. கூடுதலாக ஒரு நிலையான மின்னழுத்தம் கொடுத்து மையத்துக்குத் திரும்பத் தள்ளுவார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் இதைச் சரிசெய்வது அங்கே வாசல் தெளித்துக் கோலம் போடுகிற மாதிரி ஒரு வழக்கம்.

இதுவரை வந்தது எல்லாம் பழைய இயக்கவியல்தான். குவாண்டம் எங்கே நுழைகிறது என்றால், அந்த மெதுவான ஆட்டத்தில். 1.73 மெகாஹெர்ட்ஸில் ஆடும் அயனியின் ஆட்ட ஆற்றல் தொடர்ச்சியாக இல்லை, படிப்படியாக இருக்கிறது, ஒரு படியின் உயரத்தை வெப்பநிலையாகச் சொன்னால் 83 மைக்ரோகெல்வின். லேசரை அயனி வழக்கமாக உறிஞ்சும் அதிர்வெண்ணைவிடச் சரியாக ஒரு படி குறைவாக வைத்தால், ஒவ்வொரு உறிஞ்சலும் ஒரு படியைக் கழற்றிக்கொண்டு போகும். கடைசிப் படிக்கு வந்துவிட்டால் கழற்ற ஒன்றுமில்லை, அயனி இருளாகிவிடும். 1989-இல் டேவிட் வைன்லேண்டின் குழு ஒரு பாதரச அயனியை இப்படி அடிப்படிக்கு இறக்கியது. நம் கால்சியம் அயனி அந்த அடிப்படியில் 8.5 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். அதற்குமேல் நிறுத்த முடியாது.

இந்த இடத்தில்தான் பார்க்காமல் கட்டுப்படுத்துவது விருப்பம் என்ற நிலையிலிருந்து கட்டாயம் ஆகிறது. அயனிக்குள் ஒரு குவாண்டம் நிலையைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள், எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் அந்த நிலை கலைந்துபோகும். அதனால் பார்க்காமலேயே திருத்தும் துடிப்புகள் வேண்டும். 1950-இல் எர்வின் ஹான் கண்டுபிடித்த எதிரொலிதான் இதற்கு மூதாதை. எக்செல்லிலேயே செய்யலாம், ஐந்து நிமிடம். ஒரு பத்தியில் 1000 தற்செயல் எண்கள், மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை. ஒவ்வொன்றும் ஒரு சுழலியின், அதாவது கடிகார முள் மாதிரி தன்பாட்டில் சுற்றும் ஒன்றின், வேகப் பிழை. நேரம் கூடக் கூட ஒவ்வொருவர் கோணமும் பிழை × நேரம், எல்லோர் கொசைனின் சராசரியை வரைந்தால் 1-இல் தொடங்கி ஐந்தாறு அலகு நேரத்தில் சுழிக்கு அருகே அடங்கிவிடும், நினைவு அழிந்தாயிற்று. இப்போது பத்தாவது அலகில் எல்லோருடைய கோணத்துக்கும் குறியை மட்டும் மாற்றிவிடுங்கள். யாருக்கு எவ்வளவு பிழை என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. சராசரி இருபதாவது அலகில் சொல்லிவைத்தாற்போல் 1-க்குத் திரும்பும். பிழைகளை நடுவழியில் மாற்றிக்கொண்டே இருந்தால் திரும்பாது, அப்போது ஒரு திருப்பல் போதாமல் அடிக்கடி திருப்ப வேண்டும், ஜிக்சா மாதிரி.

பார்த்துத் திருத்துவது குவாண்டத்தில் நடக்கவே நடக்காது என்று இல்லை. போதுமான அளவு மென்மையாகப் பார்க்கத் தெரிய வேண்டும். 2011-இல் செர்ஜ் ஹரோஷின் பாரீஸ் குழு ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையை அணுக்களை அனுப்பி அழிக்காமல் தடவிப் பார்த்து, குறைந்தால் சேர்த்து, ஒரே எண்ணில் நிறுத்திக் காட்டியது. அமெரிக்காவின் லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகம் 40 கிலோ கண்ணாடிகளின் கூட்டு அசைவை, 10 கிலோ எடையுள்ள ஒரே ஊசலாக எடுத்துக்கொண்டு, பின்னூட்டம் வழியாகவே 77 நானோகெல்வினுக்குக் குளிர்வித்ததாக 2021-இல் அறிவித்தது. ஒட்டடைக்கோல் வைத்திருக்கும் கையின் வேலைதான், கை மட்டும் வேறு.

ஸ்கேல் நின்றுவிட்டால் அடுத்து இரட்டை ஊசல் செய்து பாருங்கள், ஸ்கேலின் மேல் முனையில் இன்னொரு பேரிங், அதில் இன்னொரு குட்டி ஸ்கேல். 1993-இல் அச்செசனும் முல்லினும் மூன்று அடுக்கு வரை நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது அடுக்கு இன்னும் நிற்கவில்லை, மேல் பேரிங்கின் நட்டு ஒவ்வொரு முறையும் கழன்றுவிடுகிறது. நைலான் நட்டை ஒருமுறை கழற்றிவிட்டால் அதையே திரும்பப் போடாதீர்கள், பிடிப்பு போய்விடும். பத்து நட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.